ரிப்போர்ட்டில் கிருமி இருக்கிறது, எரிச்சல் இல்லை: ஊசி போட வேண்டுமா?

கேள்வி: எனக்கு 54 வயது. பள்ளி ஆசிரியை. மாதவிடாய் நின்று நான்கு வருடம் ஆகிறது. ஒன்பது வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறேன். சில மாதங்களுக்கு முன் டாபாகிளிஃப்ளோசினும் சேர்த்திருக்கிறார்கள். ஒரே வருடத்தில் நான்கு தடவை யூரின் இன்ஃபெக்‌ஷன் வந்துவிட்டது. முதல் மூன்று தடவையும் மெடிக்கல் ஷாப்பில் சொல்லி சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரையும், எரிச்சலுக்கு ஒரு சிரப்பும் வாங்கிச் சாப்பிட்டேன். நான்காவது தடவை டாக்டரிடம் போனேன். கல்ச்சரில் (சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) ஈ.கோலை, 1,00,000க்கு மேல், இஎஸ்பிஎல் என்று வந்தது. நைட்ரோஃபுரன்டாயின் 5 நாள் கொடுத்தார், நன்றாகிவிட்டது. கிருமி போய்விட்டதா என்று தெரிந்துகொள்ள, மூன்று வாரம் கழித்து நானாகவே மறுபடி கல்ச்சர் கொடுத்தேன். அதே கிருமி, அதே எண்ணிக்கை. ஆனால் இப்போது எரிச்சலோ காய்ச்சலோ இல்லை. மெரோபெனம் ஊசி ஏழு நாள் போட்டால்தான் சரியாகும் என்கிறார்கள். ஸ்கேன் நார்மல், கிரியேட்டினின் 0.8. ஊசி போட்டுக்கொள்ளட்டுமா? இப்படியே விட்டால் கிட்னி கெட்டுவிடுமா? பார்லி, வாழைத்தண்டு உதவுமா? என் கணவரும் மாத்திரை சாப்பிட வேண்டுமா?

பதில்:

ஊசி வேண்டாம், அம்மா. மாத்திரையும் வேண்டாம். இப்போது உங்களுக்கு இருப்பது நோய் இல்லை. சிறுநீர்ப்பையில் கிருமி குடியிருக்கிறது, அதனால் உடம்புக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. மாதவிடாய் நின்ற பெண்களிடமும் சர்க்கரை உள்ளவர்களிடமும் இது சகஜமாகக் காணப்படும் நிலை. இப்படிப்பட்டவர்களுக்கு மருந்து கொடுத்தும் கொடுக்காமலும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். மருந்து கொடுத்தால் கிருமி சில வாரம் மறைகிறது, பிறகு திரும்பி வருகிறது. அடுத்த தொற்று வருவதையோ கிட்னி பாதிப்பையோ அந்த மருந்து தடுப்பதில்லை. கையில் மிஞ்சுவது வயிற்றுப்போக்கும் பூஞ்சைத் தொற்றும், முன்பைவிட முரட்டுத்தனமான கிருமியும்தான். தொந்தரவில்லாத கிருமிக்குக் கட்டாயம் மருந்து கொடுக்க வேண்டியது இரண்டு பேருக்கு: கர்ப்பிணிகள், சிறுநீர்ப் பாதைக்குள் கருவி விட்டு அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளப் போகிறவர்கள். சர்க்கரை இருப்பது மட்டுமே ஒரு காரணம் ஆகாது.

சரியானபின் கல்ச்சர் கொடுத்தது உங்கள் அக்கறையைத்தான் காட்டுகிறது. ஆனால் எரிச்சல் போய்விட்டால் மறு கல்ச்சர் தேவையில்லை (கர்ப்பிணிகள் மட்டும் விதிவிலக்கு). எடுத்தால் இப்படி ஒரு ரிப்போர்ட் வந்து, தேவையில்லாத ஊசியில் கொண்டுபோய் விடும்.

அந்த ரிப்போர்ட்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். வரிசையாக மருந்துப் பெயர்கள், எதிரே எஸ், ஐ, ஆர் என்ற எழுத்துகள் இருக்கும். எஸ் என்றால் அந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும். ஐ என்றால் இடைப்பட்ட நிலை. ஆர் என்றால் கட்டுப்படாது. இஎஸ்பிஎல் என்பது கிருமி சுரக்கும் ஒரு நொதி. செஃபிக்ஸிம், செஃப்ட்ரியாக்சோன் மாதிரியான மருந்துகளை அது உடைத்துப்போடும். அதனால் அந்த வரிசை முழுக்க ஆர் என்று இருக்கும். கடைசியில் மெரோபெனத்துக்கு எதிரே எஸ் என்று இருப்பதைப் பார்த்ததும் ‘இது ஒன்றுதான் கேட்கும்’ என்ற பயம் வந்துவிடுகிறது. இன்னும் கொஞ்சம் தேடினால் நைட்ரோஃபுரன்டாயின், ஃபாஸ்ஃபோமைசின் இரண்டுக்கும் எதிரே எஸ் இருக்க வாய்ப்பு அதிகம். இஎஸ்பிஎல் ஈ.கோலை பெரும்பாலும் இந்த இரண்டு வாய்வழி மருந்துக்கும் கட்டுப்படும். சென்ற தடவை நீங்கள் நைட்ரோஃபுரன்டாயினில் குணமானதும் அதனால்தான். மெரோபெனம், காய்ச்சலும் குளிருமாகக் கிருமி கிட்னிக்கோ ரத்தத்துக்கோ ஏறிவிட்டால் உயிரைக் காப்பாற்றக் கையில் இருக்க வேண்டிய மருந்து. இன்றைக்கு வீணாகப் போட்டுக்கொண்டால், அது நிஜமாகவே தேவைப்படும் நாளில் கேட்காமல் போகக்கூடும்.

முதல் மூன்று தடவை நடந்ததையும் சொல்ல வேண்டும். நம் நாட்டில் ஈ.கோலை கிருமிகளில் பாதிக்கும் மேல் சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்துகளுக்குக் கட்டுப்படுவதில்லை. அப்படியானால் ஏன் கொஞ்சம் சுகம் தெரிந்தது? சாதாரண நீர்ப்பைத் தொற்றில் ஒரு பங்கு தண்ணீர் குடித்தாலே தானாக அடங்கும். தவிர, அந்த சிரப் எரிச்சலைக் குறைத்திருக்கும். அது டைசோடியம் ஹைட்ரஜன் சிட்ரேட். சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைக்கும், அவ்வளவுதான், கிருமியைக் கொல்லாது. அதில் சோடியம் இருப்பதால் ரத்த அழுத்தமும் இதயக் கோளாறும் உள்ளவர்கள் கேட்காமல் குடிக்கக் கூடாது. இன்னொன்று பலருக்கும் தெரியாது: நைட்ரோஃபுரன்டாயின் அமிலச் சிறுநீரில்தான் நன்றாக வேலை செய்யும். கூடவே இந்த சிரப்பை மூன்று வேளை குடித்தால் மாத்திரையின் வேகம் குறைந்துவிடும். இரண்டையும் ஒரே சீட்டில் எழுதும் வழக்கம் இருக்கிறது. நைட்ரோஃபுரன்டாயின் சாப்பிடும் ஐந்து நாளும் சிரப்பைத் தள்ளி வையுங்கள். எரிச்சலுக்கு ஒரு பாராசிட்டமால் போதும்.

உங்களைப் பொறுத்தவரை சிப்ரோஃப்ளாக்சசினில் தனி ஆபத்து ஒன்று உண்டு. கிளிமிபிரைடு சாப்பிடுகிறவர்களுக்கு இந்த வகை ஆன்டிபயாட்டிக் சர்க்கரையைத் திடீரென்று இறக்கிவிடும். படபடப்பு, வியர்வை, தலைசுற்றல் வரும்; வயதானவர்கள் மயங்கியே விழுவார்கள். கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாட்டிக்கும் இதைச் செய்யும். ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டான் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அது பொட்டாசியத்தையும் ஏற்றிவிடும். மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால், டாக்டர் சீட்டு இல்லாமல் அதை வாங்கக் கூடாது. கடைக்காரருக்கு நீங்கள் சாப்பிடும் மற்ற மாத்திரைகள் தெரியாது என்பது ஒன்றே அதற்குப் போதுமான காரணம்.

இனி அடுத்த தடவை எரிச்சல் வந்தால் முதலில் யோசிக்க வேண்டியது, அது கிருமித் தொற்றுதானா என்பது. கத்திரி வெயிலில் நாளெல்லாம் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் சிறுநீர் கெட்டியாகி, அடர் மஞ்சளாகி எரியும். சூடு பிடித்துக்கொண்டது என்போம். ஒரு லிட்டர் தண்ணீர் உள்ளே போனால் சில மணி நேரத்தில் அது தீர்ந்துவிடும். கிருமித் தொற்று அப்படித் தீராது. சொட்டுச் சொட்டாக அடிக்கடி வரும், அடக்க முடியாமல் ஓட வைக்கும், போய்விட்டு வந்தாலும் இன்னும் இருப்பது போலவே தோன்றும், முடியும் நேரத்தில் சுருக்கென்று குத்தும், அடிவயிறு கனக்கும். சிலருக்கு ரத்தம் கலந்தும் வரும். வாடையும் கலங்கலும் மட்டும் இருந்தால் அதைத் தொற்று என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, உங்களுக்கு இது முக்கியம். டாபாகிளிஃப்ளோசின் ரத்தத்தில் உள்ள சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் மருந்து. அந்தச் சர்க்கரை பிறப்புறுப்பின் தோலில் பட்டுக்கொண்டே இருப்பதால் பூஞ்சை வளரும். அதன் அடையாளம் அரிப்பு, சிவந்து வெடித்த தோல், தயிர்த் திப்பி மாதிரி வெள்ளைப்படுதல். சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் உள்ளே இல்லாமல், வெளித்தோலில் சிறுநீர் படும் இடத்தில் இருக்கும். இதற்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் பூஞ்சை இன்னும் பெருகும். தேவைப்படுவது பூஞ்சைக்கான களிம்பு அல்லது மாத்திரை. உங்களுடைய நான்கு தடவையில் ஒன்றிரண்டு இதுவாக இருந்திருக்கலாம். எப்போது டாபாகிளிஃப்ளோசின் ஆரம்பித்தீர்கள், அதற்குப் பிறகு எத்தனை தடவை வந்தது என்று தேதி போட்டு எழுதி உங்கள் சர்க்கரை டாக்டரிடம் காட்டுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், இதயத்துக்கும் கிட்னிக்கும் அதனால் நன்மை உண்டு. ஆனால் வாந்தி எடுத்துக்கொண்டு சாப்பிட முடியாமல் இருக்கும் நாள்களில் அதை நிறுத்தி வைத்து, உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

கிருமித் தொற்று என்றே தோன்றினால், முதல் மாத்திரையை விழுங்குவதற்கு முன் கல்ச்சருக்குச் சிறுநீர் கொடுத்துவிடுங்கள். உங்களுக்கு அடிக்கடி வருகிறது, முன்பு இஎஸ்பிஎல் வந்திருக்கிறது, எனவே ஊகித்து மருந்து கொடுப்பது சரிவராது. ஒரு வேளை ஆன்டிபயாட்டிக் உள்ளே போய்விட்டாலும் கிருமி வளராமல், ரிப்போர்ட் பொய்யாக நார்மல் என்று வரலாம்.

பிடிக்கும் முறையில்தான் பாதி ரிப்போர்ட்டுகள் கெட்டுப்போகின்றன. லேபில் கல்ச்சருக்கென்று கிருமி நீக்கிய டப்பா கேட்டு வாங்குங்கள். சாதாரண யூரின் டெஸ்டுக்குக் கொடுக்கும் டப்பா ஆகாது. மூன்று, நான்கு மணி நேரம் நீர்ப்பையில் தங்கிய சிறுநீர் நல்லது, அதனால் காலையில் முதல் தடவை போவது வசதி. பிடிப்பதற்கு முன் லிட்டர் கணக்கில் தண்ணீர் குடித்தால் எண்ணிக்கை குறைந்து காட்டும். கையைச் சோப்பால் கழுவுங்கள். பிறப்புறுப்பை வெறும் தண்ணீரால், முன்னிருந்து பின்னாகக் கழுவுங்கள். டெட்டால் வேண்டாம், அதன் துளி கலந்தால் கிருமி வளராது. இடது கையால் உதடுகளை விலக்கிப் பிடித்துக்கொண்டு, முதலில் வரும் கொஞ்சத்தைக் கீழே விட்டுவிட்டு, ஓட்டம் நிற்காமலே டப்பாவை நடுவில் நீட்டிப் பாதியளவு பிடியுங்கள். டப்பாவின் விளிம்பு தோலில் படக் கூடாது, மூடியின் உட்புறத்தைத் தொடக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்குள் லேபில் சேர்க்க வேண்டும். முடியாவிட்டால் ஒரு கவரில் போட்டு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். 24 மணி நேரம் வரை தாங்கும். கைப்பையில் வைத்துக்கொண்டு வெயிலில் பஸ்ஸில் போனால், தோலிலிருந்து ஒட்டிய நாலைந்து கிருமிகூட லேப் போய்ச் சேர்வதற்குள் பெருகிப் பெரிய எண்ணிக்கையாகிவிடும். ரிப்போர்ட்டில் ‘எபிதீலியல் செல்’ (தோலிலிருந்து உதிரும் செல்) நிறைய என்றும், இரண்டு மூன்று வகைக் கிருமி கலந்து வளர்ந்தது என்றும் இருந்தால், பிடித்தது சரியில்லை என்று அர்த்தம். அதை வைத்து மருந்து சாப்பிடாமல் மறுபடி பிடித்துக் கொடுங்கள்.

1,00,000 என்ற எண்ணை (ஒரு மி.லி. சிறுநீரில் உள்ள கிருமி எண்ணிக்கை) நாம் பெரிதாக எடுத்துக்கொள்கிறோம். தெளிவான அறிகுறி உள்ள பெண்ணுக்கு 1,000 இருந்தாலே அது தொற்றாக இருக்கலாம். அறிகுறியே இல்லாதவருக்கு ஒரு லட்சத்தைத் தாண்டினாலும் மருந்து தேவையில்லாமல் போகலாம். பஸ் செல் (சீழ் அணு) 15, 20 என்று வருவதும் அப்படித்தான். அதுவும் தனியாக நின்று எதையும் முடிவு செய்யாது.

கல்ச்சர் முடிவு வர இரண்டு மூன்று நாளாகும். அதுவரை எரிச்சலோடு காத்திருக்க வேண்டியதில்லை. மாதிரி கொடுத்த கையோடு டாக்டர் மருந்தைத் தொடங்கலாம். காய்ச்சல் இல்லாத நீர்ப்பைத் தொற்றுக்கு உங்களைப் போன்றவருக்குப் பொருத்தமானவை இரண்டு. நைட்ரோஃபுரன்டாயின், மெதுவாகக் கரையும் வகை, 100 மி.கி., காலை இரவு இரண்டு வேளை, 5 நாள். சாப்பாட்டோடு போட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், உடம்பில் சேரும் அளவும் குறையும். சிறுநீர் பழுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். அல்சர் என்று மெக்னீசியம் கலந்த ஆன்டாசிட் குடிப்பவர்கள் இரண்டையும் சேர்த்துச் சாப்பிடக் கூடாது. உங்கள் கிரியேட்டினினுக்கு இந்த மருந்து சரி. கிட்னியின் வடிகட்டும் திறன் நன்றாகக் குறைந்தவர்களுக்கு இது சிறுநீரில் போதிய அளவு சேராது, பக்க விளைவுதான் மிஞ்சும். இரண்டாவது, ஃபாஸ்ஃபோமைசின் 3 கிராம் பொடி, ஒரே ஒரு பாக்கெட். இரவு சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, சிறுநீர் கழித்துவிட்டு, அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடித்துப் படுத்துவிட வேண்டும். நீர்ப்பையில் அது இரண்டு மூன்று நாள் தங்கி வேலை செய்யும். மறுநாளே எரிச்சல் போகவில்லை என்று இன்னொரு மருந்து தேடி ஓடாதீர்கள்.

எந்த மருந்தானாலும் 48 மணி நேரத்தில் குறையத் தொடங்க வேண்டும். குறையவில்லை என்றால் அதற்குள் வந்துவிட்ட கல்ச்சர் முடிவைப் பார்த்து மாற்ற வேண்டும். ஐந்து நாள் மருந்தை மூன்று நாளில் நிறுத்தாதீர்கள். அதே போல பயத்தில் பத்து நாளாக நீட்டவும் வேண்டாம்.

இவ்வளவும் ஒவ்வொரு தடவையும் வரும் தொற்றைச் சமாளிக்கும் வழி. ஆறு மாதத்தில் இரண்டு தடவை, அல்லது ஒரு வருடத்தில் மூன்று தடவை வந்தால் அதைத் திரும்பத் திரும்ப வரும் தொற்று என்கிறோம். நீங்கள் அந்தக் கணக்கைத் தாண்டிவிட்டீர்கள். அதனால் ஏன் வருகிறது என்பதைத்தான் இப்போது பிடிக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் எல்லோரும் கவனிக்காமல் விட்டது ‘மாதவிடாய் நின்று நான்கு வருடம்’ என்ற வரி.

ஈஸ்ட்ரோஜன் இருக்கும்வரை பெண்ணுறுப்பின் உட்தோல் தடிப்பாகவும் ஈரமாகவும் இருக்கும். அங்கே லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியா வாழ்ந்து லாக்டிக் அமிலம் சுரக்கும். பி.எச். (அமிலத்தன்மையின் அளவு; எண் குறைந்தால் அமிலம் அதிகம்) 3.8 முதல் 4.5 வரை இருக்கும். அந்த அமிலத்தில் மலக்குடலிலிருந்து வரும் ஈ.கோலை தங்க முடியாது. மாதவிடாய் நின்றபின் தோல் மெலிந்து வறளும், நல்ல பாக்டீரியா குறையும், பி.எச். 5க்கு மேல் போகும். ஈ.கோலை அங்கே நிரந்தரமாகக் குடியேறிவிடும். அங்கிருந்து நீர்ப்பைக்குப் போகும் குழாய் பெண்களுக்கு 4 செ.மீ.தான். நீங்கள் எத்தனை முறை ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டு நீர்ப்பையைச் சுத்தம் செய்தாலும், வாசலில் இருக்கும் கிருமி மறுபடி ஏறிவிடுகிறது. நல்ல பாக்டீரியா மிச்சம் இருந்தால் அதையும் ஆன்டிபயாட்டிக் கொன்றுவிடுகிறது.

இதற்கு மருந்து எஸ்ட்ரியால் 0.1 சதவீத கிரீம். 1993இல் வெளியான ஒரு ஆய்வில், மாதவிடாய் நின்ற, அடிக்கடி தொற்று வந்த பெண்களில் ஒரு பகுதியினருக்கு இந்தக் கிரீமையும் மற்றவர்களுக்கு மருந்தில்லாத கிரீமையும் கொடுத்தார்கள். மருந்தில்லாத கிரீம் போட்டவர்களுக்கு ஆளுக்கு வருடத்துக்குச் சராசரியாக 5.9 தடவை தொற்று வந்தது. எஸ்ட்ரியால் போட்டவர்களுக்கு 0.5 தடவை. இவ்வளவு பலன் தரும் மருந்து நம் ஊரில் மிகக் குறைவாகவே எழுதப்படுகிறது என்பது வருத்தத்துக்குரியது. கேட்கக் கூச்சப்படுகிறார்கள், சொல்லவும் கூச்சப்படுகிறார்கள்.

போடும் முறை: ட்யூபோடு வரும் குழலில் குறியிட்ட அளவு, அதாவது 0.5 கிராம் கிரீமை ஏற்றி, இரவு படுக்கும்போது பெண்ணுறுப்புக்குள் செலுத்த வேண்டும். விரல் நுனியில் கொஞ்சம் எடுத்துச் சிறுநீர்த் துவாரத்தைச் சுற்றியும் தடவலாம். முதல் இரண்டு வாரம் தினமும், பிறகு வாரத்தில் இரண்டு நாள். ஆரம்பத்தில் சில நாள் லேசாக எரியலாம், வறண்ட தோல் என்பதால்தான். பலன் முழுதாகத் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். இரண்டு வாரத்தில் பயன் இல்லை என்று நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். ரத்தத்தில் கலக்கும் அளவு மிகச் சொற்பம், வாய்வழி ஹார்மோன் மாத்திரையோடு இதை ஒப்பிட வேண்டாம். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. மாதவிடாய் நின்றபின் ரத்தப்போக்கு இருந்தால் முதலில் அதற்கான பரிசோதனை. மகப்பேறு மருத்துவரை ஒருமுறை பார்த்துத் தொடங்குங்கள்.

அடுத்தது பள்ளிக்கூடக் கழிப்பறை. நீங்கள் எழுதவில்லை, ஆனால் ஆசிரியைகளிடம் கேட்டால் பெரும்பாலோர் சொல்வது இதுதான்: காலையில் வீட்டில் போனால் மறுபடி மாலை வீட்டுக்கு வந்துதான். போக வேண்டியிருக்குமே என்று தண்ணீரும் குடிப்பதில்லை. ஏழெட்டு மணி நேரம் நீர்ப்பையில் தேங்கும் சிறுநீரில், வந்து ஒட்டிய கொஞ்சம் கிருமி பெருகிவிடும். வகுப்புகளுக்கு நடுவே மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, வந்தாலும் வராவிட்டாலும், போய்விட்டு வாருங்கள். பள்ளியில் சுத்தமான கழிப்பறையும் தண்ணீரும் கேட்பது சலுகை கேட்பது ஆகாது, அது மருத்துவத் தேவை. தண்ணீரைப் பற்றி 2018இல் வெளியான ஒரு ஆய்வு இருக்கிறது. அடிக்கடி தொற்று வந்த, குறைவாகத் தண்ணீர் குடிக்கும் 140 பெண்களில் பாதிப் பேரைத் தினமும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடிக்கச் சொன்னார்கள். ஒரு வருடத்தில் அவர்களுக்குச் சராசரி 1.7 தடவை தொற்று, மற்றவர்களுக்கு 3.2. அவர்கள் மாதவிடாய் நிற்காத பெண்கள்தான். ஆனாலும் இதய, கிட்னிக் கோளாறு இல்லாத உங்களுக்கு இதை முயன்று பார்ப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

ஸ்கேன் நார்மல் என்றீர்கள். அதில் சிறுநீர் கழித்த பிறகு நீர்ப்பையில் எவ்வளவு மிஞ்சியது என்ற அளவு இருக்கிறதா பாருங்கள். பல ஸ்கேன்களில் நீர்ப்பை நிறைந்திருக்கும்போது மட்டும் பார்த்து அனுப்பிவிடுவார்கள். பல வருடச் சர்க்கரை நீர்ப்பையின் நரம்பை மந்தமாக்கும். முழுதாகக் காலியாகாது, ஆனால் உங்களுக்கு அது தெரியாது. 100 மி.லி.க்கு மேல் மிஞ்சினால் அதைக் கவனிக்க வேண்டும். அப்படி இருந்தால் ஒருமுறை போய்விட்டு, இரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்து, கொஞ்சம் முன்னால் சாய்ந்து மறுபடி போகப் பழக வேண்டும். பொது இடத்து வெஸ்டர்ன் டாய்லெட்டில் உட்காராமல் அந்தரத்தில் நின்றபடி போவதும் நீர்ப்பையைக் காலியாக விடாது.

மலச்சிக்கல் இருந்தால் சரி செய்யுங்கள். அடைத்துக்கிடக்கும் மலக்குடல் நீர்ப்பையை அழுத்தும். சர்க்கரையை எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தச் சோதனை) பார்த்துக் கட்டுக்குள் வையுங்கள். உள்ளே கழுவ விற்கும் வாசனைத் திரவங்களை வீட்டிலிருந்து எடுத்துவிடுங்கள், அவை நல்ல பாக்டீரியாவைக் கெடுக்கும். தாம்பத்தியத்துக்குப் பின் சிறுநீர் கழித்துவிட்டுப் படுப்பது நல்லது.

பார்லித் தண்ணீர் கேட்டிருந்தீர்கள். உப்பும் சர்க்கரையும் போடாமல் குடிக்கலாம். அதில் உதவுவது தண்ணீர்தான். வாழைத்தண்டைப் பொரியலாகச் சாப்பிட்டால் நார்ச்சத்து கிடைக்கும், மலச்சிக்கலுக்கு நல்லது. கிருமியைக் கொல்லும் சக்தி இரண்டுக்கும் இருப்பதாக ஆதாரம் இல்லை. இளநீரில் சர்க்கரையும் பொட்டாசியமும் உண்டு, தினமும் வேண்டாம். கிரான்பெர்ரி தொடர்ந்து எடுத்தால் திரும்ப வருவது ஓரளவு குறைகிறது என்பது உண்மைதான். ஆனால் வந்த தொற்றை அது குணமாக்காது. நம் ஊரில் கிடைக்கும் ஜூஸில் சர்க்கரை நிறைய. தொற்றைத் தடுக்கும் என்று விற்கும் டி-மேனோஸ் (ஒரு வகைச் சர்க்கரை) பொடிக்குப் பணம் செலவழிக்காதீர்கள். 2024இல் வெளியான பெரிய ஆய்வில் அதனால் பயன் தெரியவில்லை.

எஸ்ட்ரியால், தண்ணீர் எல்லாம் செய்தும் ஆறு மாதத்தில் மறுபடி மறுபடி வந்தால், மெதனமின் ஹிப்யூரேட் 1 கிராம் தினமும் இரு வேளை என்று ஒரு மருந்து உண்டு. அது ஆன்டிபயாட்டிக் வகை இல்லை, அதனால் கிருமியை முரடாக்குவதில்லை. மாதக்கணக்கில் குறைந்த அளவு ஆன்டிபயாட்டிக் சாப்பிடுவது கடைசி வழி. நைட்ரோஃபுரன்டாயினை அப்படித் தொடர்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு விடாத வறட்டு இருமல், மூச்சிரைப்பு, பாதத்தில் மதமதப்பு வந்தால் உடனே நிறுத்திக் காட்ட வேண்டும்.

கிட்னி கெட்டுவிடுமா என்ற பயத்துக்கு: சிறுநீர்ப் பாதை ஒழுங்காக இருக்கும் பெரியவர்களுக்கு, நீர்ப்பைத் தொற்று நாலைந்து தடவை வந்ததால் மட்டும் கிட்னி செயலிழப்பதில்லை. உங்கள் கிட்னியைப் பாதிக்கக்கூடியது சர்க்கரையும் ரத்த அழுத்தமும். ஆனால் தொற்று மேலே ஏறினால் கதை வேறு. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவுக்குப் பின்னால் ஒரு பக்கம் வலி, வாந்தி, குழப்பம்: இவற்றில் எது வந்தாலும் நைட்ரோஃபுரன்டாயின், ஃபாஸ்ஃபோமைசின் போதாது. அவை சிறுநீரில் மட்டும்தான் சேரும், கிட்னித் திசுவில் போதிய அளவு சேராது. விடியட்டும் என்று பார்க்காமல் பெரிய மருத்துவமனைக்குப் போய், முந்தைய இஎஸ்பிஎல் ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். அன்றைக்குத்தான் மெரோபெனம் வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்கு அரிதாகக் கிட்னிக்குள் வாயு உருவாகும் அளவுக்குத் தொற்று முற்றும். ஒரு நாள் தாமதமும் ஆபத்து.

தொற்று குணமான பிறகும் சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலோ பரிசோதனையில் சிவப்பணு நின்றாலோ, உங்கள் வயதில் சிறுநீரக அறுவைச் சிகிச்சை நிபுணரைப் பார்த்து நீர்ப்பைக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது அவசியம். பஸ் செல் தொடர்ந்து நிறைய இருந்து, கல்ச்சரில் எதுவுமே வளரவில்லை என்றால் காசநோயை நினைக்க வேண்டும். அடுத்தடுத்த மூன்று நாள் காலை முதல் சிறுநீரைக் கொடுத்து அதற்கென்று தனியாகச் சோதிக்கச் சொல்ல வேண்டும். சாதாரண கல்ச்சரில் அந்தக் கிருமி வளராது. ப்ரோட்டியஸ் என்ற கிருமி திரும்பத் திரும்ப வந்தால் கல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தக் கிருமிக்கு நைட்ரோஃபுரன்டாயின் இயல்பாகவே கேட்காது.

உங்கள் வீட்டில் வேறு யாருக்காவது இந்தப் பதிலை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆணுக்கு வந்தால் ப்ராஸ்டேட்டைப் பார்க்காமல் விடக் கூடாது, மருந்து நாள்களும் கூடும். கர்ப்பிணிக்கு எரிச்சல் இல்லாவிட்டாலும் ஆரம்ப மாதங்களில் ஒரு கல்ச்சர் எடுத்து, கிருமி இருந்தால் மருந்து கொடுத்தே ஆக வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் என்றால் சிறுநீர் பார்க்க வேண்டும். டியூப் போட்டுப் படுத்திருக்கும் பெரியவர்களின் பையில் சிறுநீர் கலங்கலாக இருப்பதற்காக மட்டும் ஆன்டிபயாட்டிக் தொடங்கக் கூடாது.

உங்கள் கணவருக்கு மாத்திரை தேவையில்லை. இது உறவினால் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றும் நோய் அல்ல. உங்கள் குடலில் இருக்கும் கிருமிதான் இடம் மாறி வருகிறது. அவருக்கே எரிச்சலோ, புண்ணோ, சீழோ இருந்தால் அதற்குத் தனியாகப் பரிசோதனை செய்துகொள்ளட்டும்.